வால் கடிதம்

சவரிராயன் மாஸ்டரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவருடைய இரண்டு கையிலும் டீ கிளாஸ் இருந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. நான் வாங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் அது, ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலையில் பல் துலக்கப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு. அறுபத்தேழு வயது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள் மேடம், சாரல் அடிக்கிறது. உங்கள் சைக்கிளையும் ஏற்றிவிடுங்கள். இந்த நிழற்குடையில் கூரை மட்டும்தான் ஒழுங்காக இருக்கிறது, நமக்கு அது போதும். இது ஐப்பசி மழை. இருபது நிமிடம் வெறி பிடித்ததுபோல அடிக்கும், அப்புறம் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நின்றுவிடும். போடி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவன் நான். எந்த மழை எந்த வண்டியை எத்தனை நிமிடம் பிந்த வைக்கும் என்று சொல்லிவிடுவேன்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். போடியில் கிளம்பியதிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் என்னை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் மேடம், அங்கே ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டியவர் என்றெல்லாம் ஜெய்லானி சொல்லியிருந்தான். நானும் கொஞ்சம் பயந்துதான் கிளம்பினேன். சிலமலை வந்தது, நீங்கள் என் பின்னால். ராசிங்கபுரம் வந்தது, அப்போதும் என் பின்னால். சங்கடப்பட வேண்டாம். ஊர் மாறினால் மூச்சு பழக நாளாகும். உங்கள் வண்டியில் இருக்கிற அத்தனை கியரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்களோ என்னவோ. என் வண்டியிலும் கியர் இருக்கிறது, மகன் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பியது. நான் அதைத் தொடுவதே இல்லை.

மறுபடியும் போனா? ஜெய்லானிதானே? நிழற்குடையில் பத்திரமாக நிற்கிறோம் என்று போட்டுவிடுங்கள். அவனுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். கண்ணாடிக் கடைக்காரன் இல்லையா, எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்து 'தெரியுதா, இப்பத் தெரியுதா' என்று கேட்டே பழகிவிட்டான்.

எங்கள் குழுவைப் பற்றி அவன் என்ன சொன்னான்? வெறும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு என்றுதானே? அப்படியில்லை. எங்களுக்குப் பருவம் உண்டு. கோடையில் இந்தப் பக்கம் மிதிக்க முடியாது. ஆடியில் கணவாய்க் காற்று ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளும். கார்த்திகை பிறந்துவிட்டால் ரோடு முழுக்க ஐயப்பன் கோயில் வண்டிகள். ஆக மிச்சம் இருப்பது புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான். அந்த ஐந்தாறு ஞாயிறுக்குத்தான் பதினோரு பேரும் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறோம். நாளைக்குக் கார்த்திகை ஒன்று. இன்றைக்கு இந்த வருஷத்தின் கடைசிச் சவாரி. நீங்கள் பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

மற்ற ஊர்களில் முதலில் வந்து சேர்ந்தவனுக்குக் கைதட்டுவார்களாம். எங்களிடம் முதலில் வந்தவனை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைசியாக வந்தவர் யார் என்றுதான் பார்ப்போம். அவர் அன்றைய வால். போன பாதை, பார்த்தது, கேட்டது, யார் விழுந்தார், யார் எத்தனை வடை தின்றார் என்று அன்று பொழுது சாய்வதற்குள் வால்தான் எழுதிக் குழுவில் போட வேண்டும். வால் கடிதம் என்று பெயர். முன்னால் போகிறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும், கடைசியில் வருகிறவனுக்குத்தான் எல்லோரையும் தெரியும் என்று ஜெய்லானி அதற்கு ஒரு காரணம் சொல்வான். கேலிக்கு ஆரம்பித்தது. இப்போது ஓட்டாதவர்கள்கூட அதைப் படிக்கிறார்கள். ஜெய்லானியின் மாமியார் படிக்கிறார்.

அதில் நான் ஒரு விதி போட்டேன். வரிசை தப்பக்கூடாது. ஒரு ஞாயிறின் கடிதம் ஏறாமல் அடுத்த ஞாயிறின் கடிதம் ஏறக்கூடாது. பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான். ஐந்து இருபது வண்டியைப் பதியாமல் ஐந்து நாற்பதைப் பதிய முடியாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஜெய்லானி, 'டைம் கீப்பர் அண்ணன் சொல்லிட்டா அது சட்டம்' என்றான்.

அந்தச் சட்டம்தான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஐப்பசி இரண்டாம் தேதிக் கடிதம் ஏறவில்லை. அதனால் அதற்குப் பின்னால் இரண்டு கடிதம் ஏற முடியாமல் நிற்கிறது. இன்றைக்குத் தேவாரத்தில் இட்லி சாப்பிட்டதும், மாஸ்டர் ஞாபகமாக இந்த வருஷத்துக் கடிதம் எல்லாவற்றையும் வரிசையாகப் படிப்பதாக ஏற்பாடு. அவருடைய வீட்டம்மா ஆட்டோ பிடித்து வருகிறார். ஒரு கடிதம் இல்லாமல் எப்படி வரிசையாகப் படிப்பது?

ஐப்பசி இரண்டுக்கு யார் வால் என்கிறீர்களா? அதுதானே சண்டையே.

அதுவரைக்கும் மூன்று வருஷமாக மாஸ்டர்தான் வால். ஒரு ஞாயிறு விடாமல். ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர் அவர். நீங்கள் ஆச்சரியப்படுவது தெரிகிறது. டிரில் மாஸ்டர் என்றால் என்ன மேடம், வேப்ப மரத்தடியில் நின்று விசில் ஊதுவார், பிள்ளைகள் ஓடும். அவர் எங்கே ஓடினார்? காலில் வலு இல்லை. நான் எந்த வேகத்தில் போனாலும் என் பின் சக்கரத்துக்கு ஒரு வண்டி தூரம் பின்னால்தான் வருவார். நான் மெதுவாகப் போனாலும் தாண்ட மாட்டார். தாண்ட முடிந்தால்தானே.

அது போதாதென்று அவர் வண்டியில் செயின் நிற்கவே நிற்காது. ஏற்றம் வந்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போதெல்லாம், 'சார், ஒரு நிமிஷம், செயின் கழண்டுருச்சு' என்று பின்னாலிருந்து குரல் வரும். நானும் நின்றுவிடுவேன். துணைக்கு வந்தவரை விட்டுப் போக முடியுமா? அவர் குனிந்து ஐந்து நிமிடம் எதையோ திருகுவார். எழுந்து என் முகத்தைப் பார்ப்பார். 'போலாமா சார்' என்பார். கையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. அந்த விஷயத்தில் சுத்தமான மனிதர்.

திசையும் தெரியாது. முதல் வருஷம் எனக்குக் கவனம் கொஞ்சம் சிதறியிருந்தது. என் வீட்டுக்காரி அன்னமயில் அந்தச் சித்திரையில்தான் இறந்திருந்தாள். மிதித்துக்கொண்டே இருப்பேன், எங்கே திரும்ப வேண்டும் என்பது மறந்துவிடும். ஒரு நாள் எல்லோரும் உப்புக்கோட்டைப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள், நான் நேராகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் மட்டும் பின்னால் வருகிறார். 'என்ன மாஸ்டர், ஆளைக் காணோம்' என்றேன். 'நானும் வழியை விட்டுட்டேன் சார்' என்றார். இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. நான் எப்போது வழி தப்பினாலும் அவரும் சரியாக அதே இடத்தில் தப்புவார். பிறந்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு மனிதரா என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு நாள் முல்லைப் பெரியாற்றுப் பாலத்தில் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு காலை வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவரும் பக்கத்தில் வந்து நின்றார். தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். 'என்ன மாஸ்டர் பாக்குறீங்க' என்றேன். 'மீன் சார்' என்றார். மழைத் தண்ணீர் செங்காவி நிறத்தில் சுருட்டிக்கொண்டு போகிறது, அதில் எந்த மீன் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பிவிட்டோம்.

அவர் எழுதின வால் கடிதங்களை நீங்கள் பார்க்க வேண்டும். கோம்பைக்குப் போயிருப்போம், மலை மேல் மேகம் உட்கார்ந்திருக்கும், திராட்சைக் கொடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், எழுத எவ்வளவோ இருக்கிறது. மாஸ்டர் இப்படி எழுதுவார்: 'இன்று டைம் கீப்பர் சார் நான்கு இட்லி சாப்பிட்டார். போன வாரம் இரண்டு.' அவ்வளவுதான் கடிதம். இன்னொன்று: 'இன்று சார் சிலமலை தாண்டியதும் பேச ஆரம்பித்தார். வெண்டைக்காய் பற்றி.' இன்னொன்று எனக்கு வரிக்கு வரி பாடம்: 'இன்று சார் சிரித்தார். முந்தல் செக்போஸ்ட் அருகே, காலை 7.10. போலீஸ்காரர் சாட்சி.' இதைப் போய்ப் பதினோரு பேர் படித்து, பத்துப் பேர் கை தட்டுகிற படம் போடுகிறார்கள். ரசனை அப்படி. நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன், 'மாஸ்டர், ஊரைப் பத்தி எழுதுங்க, என்னைப் பத்தி எழுதி யாருக்கு என்ன' என்று. 'எனக்கு முன்னால நீங்கதான் சார் தெரியிறீங்க, ஊர் எங்க தெரியுது' என்றார்.

என்னைக் குழுவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அன்னமயில் அவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள், அந்தப் பழக்கம். அவள் தேனியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் பார்க்க வந்தார். அவள் என்னைக் காபி வாங்க அனுப்பிவிட்டு அவரோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். 'ஸ்கூல் விஷயம் சார்' என்றார். அவ்வளவு முடியாத நேரத்திலும் பள்ளிக்கூட நினைப்பு அவளுக்கு. அப்புறம் புரட்டாசியில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து பெல் அடித்தார். 'டைம் கீப்பர் சார், வீட்டுக்குள்ள உக்காந்து எந்த வண்டிக்கு நேரம் போடுறீங்க? வாங்க, முந்தல் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சிட்டு வருவோம்.' அவர் தனியாக ஓட்டப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். சரி, மனுஷன் கேட்கிறாரே என்று போனேன்.

இப்படியாக மூன்று வருஷம். பின்னாலேயே வந்த மனிதர்.

இந்த ஐப்பசி இரண்டாம் தேதி போடிமெட்டு ரோட்டில் ஏறினோம். ஆறாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு டீக்கடை இருக்கிறது, அதுதான் எல்லை. முந்தல் வரை சமதரை. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஏற்றம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முந்தலில் தண்ணீர் குடித்தோம். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைகளைப் பந்தயத்துக்கு விடுவதற்கு முன்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் சொன்னார், 'சார், இனிமே நீங்க தனியா வந்துருவீங்க. நான் கொஞ்சம் முன்னால போறேன்.'

எனக்குச் சிரிப்புதான் வந்தது. 'போங்க போங்க. மூணாவது வளைவுல படுத்திருப்பீங்க, நான் வந்து தூக்கி விடுறேன்' என்றேன்.

அவரும் சிரித்தார். மிதியில் எழுந்து நின்றார். அவ்வளவுதான் மேடம், போய்விட்டார். நான் அவர் முதுகை அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. நீலச் சட்டை, தோள்பட்டைக்கு நடுவில் வியர்வை. முதல் வளைவில் திரும்பினார், அப்புறம் காணவில்லை. மணி கூட அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. நின்ற இடத்திலிருந்து கிளம்பினதற்கு எதற்கு மணி என்று ஜெய்லானி பிறகு வாதம் பண்ணினான். அவனுக்கு விதி தெரியாது.

மூன்றாவது வளைவில் பார்த்தேன், இல்லை. நான்காவதில் பார்த்தேன், இல்லை. அங்கே கொஞ்சம் இறங்கித் தள்ளினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருஷம் ஒருத்தர் செயினுக்காகவும் வழிக்காகவும் நான் எத்தனை இடத்தில் நின்றிருக்கிறேன். ஒரு நாள் கொஞ்சம் தெம்பு வந்தவுடன் விட்டுவிட்டுப் போய்விடுவதா? அதுவும் நாளை தீபாவளியை வைத்துக்கொண்டு?

ஆறாவது வளைவில் நான் திரும்பினதும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பத்துப் பேரும். கேலியைப் பாருங்கள். மொக்கராசு என்று ஒருத்தன், செல்போன் ரிப்பேர் கடை, அவன் ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணே, ஒத்தையா ஏறி வந்துட்டீங்கண்ணே' என்றான். 'விட்டுட்டுப் போனா ஒத்தையாத்தான்டா வரணும்' என்றேன். அப்போதுதான் மாஸ்டர் டீயோடு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. 'வாங்க சார். உங்களுக்குன்னு சொல்லி வச்சேன், ஆறுது.'

'ரெண்டையும் நீங்களே குடிங்க' என்றேன்.

திரும்பி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. இறக்கம்தானே, யாரும் தேவையில்லை.

அன்றைக்கு நான்தான் வால் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினதற்கு நான் வாலா? மறுநாள் தீபாவளி. காலையில் மாஸ்டர் போன் பண்ணினார். எடுக்கவில்லை. எண்ணெய்க் கையாக இருந்தேன். அது உண்மைதான், எண்ணெய் தேய்த்திருந்தேன். பத்து மணிக்கு மறுபடியும் பண்ணினார். அப்போது கையில் எண்ணெய் இல்லை. கிறிஸ்தவர், ஆனால் மூன்று வருஷமாக என் வீட்டுக்கு முதல் தீபாவளி வாழ்த்து அவருடையதுதான். கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்து ஒரு வாங்கு வாங்கிவிடுவது என்று இருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் எழுதிக்கூட வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை ஜெய்லானி வந்து சொன்னான்.

கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நாங்கள் எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். அன்றைக்கும் அவர்தான் முன்னால்.

அந்த வாரம் சவாரி இல்லை. அடுத்த ஞாயிறு கிளம்பினோம். கிளம்புகிற இடத்தில் ஜெய்லானி அவன் போனில் ஏதோ காட்டினான். சைக்கிள் போன தூரம், வேகம் எல்லாம் பதிகிற ஒரு ஆப். மாஸ்டர் செவ்வாய்க்கிழமை தோறும் விடியற்காலையில் தனியாகப் போடிமெட்டு உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறாராம். இரண்டு மணி நாற்பது நிமிடமாம். மூன்று வருஷமாக. 'பாத்தீங்களாண்ணே' என்கிறான். நான் சொன்னேன், 'தம்பி, அவர் போனை பஸ்ல மறந்து வச்சிருப்பார், பஸ் ஏறியிருக்கும்.' 'பஸ் இவ்வளவு நேரம் எடுக்குமாண்ணே' என்றான். 'மழைக் காலத்துல எடுக்கும்' என்றேன். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இந்த மிஷின் சங்கதியை எல்லாம் நம்பி ஒரு ஆளைப் பற்றி முடிவு கட்ட முடியுமா? நான் கூடவே போனவன். எனக்குத் தெரியாதா?

இன்னொன்றைக் கவனித்தேன். மாஸ்டர் போனதிலிருந்து குழுவே சோர்ந்துவிட்டது. பதினாறாம் தேதி பார்த்தால் ஜெய்லானி என் பின்னால் வருகிறான். முழங்கால் வலியாம். இருபத்து மூன்றாம் தேதி மொக்கராசு. முப்பது வயது, மாடு மாதிரி இருக்கிறான், என்னைத் தாண்ட முடியவில்லை. ராத்திரி சரியாகத் தூக்கமில்லை அண்ணே என்கிறான். அந்த இரண்டு பேர் எழுதின வால் கடிதங்கள்தான் ஏற முடியாமல் நிற்கின்றன. இன்றைக்கு நீங்கள். அதனால்தான் சொன்னேன், சங்கடப்படாதீர்கள் என்று. எனக்கு வயது ஏற ஏற வேகம் கூடுகிறதோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

என்ன கேட்கிறீர்கள்? மாஸ்டர் அன்றைக்கு எத்தனை மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தார் என்றா?

அது தெரியும். வந்து நின்றதும் மொக்கராசுவிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். பழக்கம் அப்படி. ஏழு ஐம்பத்திரண்டு. டீக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். முந்தலிலிருந்து கிளம்பினது ஏழு இருபது, அதை நானே பார்த்தேன். நான் மேலே வந்தது எட்டு பதினொன்று.

ஆமாம். பத்தொன்பது நிமிடம்.

ஆறு கிலோமீட்டரில் பத்தொன்பது நிமிடம். நீங்கள் கேட்ட பிறகுதான் சேர்த்துப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். காற்று பின்னாலிருந்து அடித்திருக்கும் என்று பார்த்தேன். அப்படியென்றால் எனக்கும் அடித்திருக்கும். லாரியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பாரோ என்றும் நினைத்தேன். அன்றைக்குக் காலையில் அந்த ரோட்டில் லாரியே போகவில்லை, நான் அதே ரோட்டில்தானே இருந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ டிரைவர்கள் என்னிடம் கதை சொல்லியிருக்கிறார்கள். பஞ்சர், மாடு குறுக்கே வந்தது, கேட் போட்டிருந்தான். நான் நேரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இவன் எங்கே எத்தனை நிமிடம் நின்றான் என்று. நேரம் மட்டும் எனக்குத் தப்பாது. முப்பத்திரண்டு நிமிடத்தில் அந்த ஏற்றத்தை ஏறுகிற ஆள் ஒரே நாளில் உண்டாக மாட்டார் மேடம். அப்படியென்றால் மூன்று வருஷமும் அவர்...

விடுங்கள். மழை குறைகிறது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். என் கண்ணாடியில் தண்ணீர், எழுத்து தெரியவில்லை. இந்தாருங்கள் என் போன். குழுவைத் திறந்து எழுதுங்கள், நான் சொல்கிறேன். எனக்கு அலங்காரமாக எல்லாம் சொல்ல வராது, நேரப் பதிவேடு எழுதின கை.

ஐப்பசி இரண்டு, ஞாயிறு. போடி முதல் ஆறாவது வளைவு வரை. மழை இல்லை. போட்டீர்களா? சவரிராயன் மாஸ்டர், முந்தல் புறப்பாடு ஏழு இருபது. வருகை ஏழு ஐம்பத்திரண்டு. அடுத்த வரி. என் பெயரைப் போடுங்கள், சுருளிவேல், முந்தல் புறப்பாடு ஏழு இருபது. வருகை எட்டு பதினொன்று. அடுத்த வரி. வால், சுருளிவேல்.

ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். சரி. அனுப்புங்கள்.

இல்லை, இருங்கள். இன்னும் ஒரு வரி இருக்கிறது. மாஸ்டர் நன்றாக ஏறினார். ஆமாம், அவ்வளவுதான். நன்றாக ஏறினார். நான் அதை ஆறாவது வளைவிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதை எழுத வேண்டாம், அது சும்மா உங்களிடம் சொன்னது. இப்போது அனுப்புங்கள்.

பாருங்கள், அனுப்பி மூச்சு விடவில்லை, அதற்குள் ஜெய்லானி கடிதம் ஏறிவிட்டது. மொக்கராசுவுடையதும். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் போலிருக்கிறது. அவர்கள் எழுதினதைப் படிக்க வேண்டாம். என்ன எழுதியிருப்பார்கள், நான் எத்தனை இட்லி தின்றேன் என்றுதான் இருக்கும். பைக்குள் போடுங்கள்.

மழை நின்றுவிட்டது, கிளம்பலாம். மாஸ்டர் வீட்டம்மா வந்து காத்திருப்பார். நீங்கள் முன்னால் போங்கள் மேடம். இல்லை, நீங்கள்தான் முன்னால். முதல் நாளே வால் என்று ஆகிவிட்டால் இந்த ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும், பேங்கில் நகை வைக்க வருகிறவன்கூடச் சொல்லிச் சிரிப்பான். நான் உங்களுக்குப் பின்னால் வருகிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், நீங்கள்தான் என்னை முந்திவிட்டீர்கள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றைய கடிதத்தையும் நானே எழுதிவிடுகிறேன், ஒன்று எழுதிப் பழகியாகிவிட்டது.

ரோட்டில் தண்ணீர் நிற்கிற இடத்தில் மட்டும் பார்த்துப் போங்கள், உள்ளே பள்ளம் இருக்கும். அவசரம் வேண்டாம். தேவாரத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறது.